ஓவனில் பொங்கிய பால்

வாழ்நாளில் இரண்டே முறை சாப்பிட்ட ஒரு பண்டத்தை விருந்தாளிகளுக்கு வீட்டில் சுட்டுக் கொடுக்கிறேன் என்று கிளம்புகிறவனை, நாலு பேர் சேர்ந்து பிடித்து ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் என்னைப் பூட்டிவைக்க அப்படி நாலு பேர் கிடைக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் குமாஸ்தா. தினமும் டை கட்டிக்கொண்டு போவேன். (முடிச்சுப் போட்டுத் தருவது அப்பா. எனக்கு இன்றைக்கும் அந்த முடிச்சு வராது.) அதே அலுவலகத்தில் வேலை பார்த்த விமலாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முடிவெடுக்காமல் இருந்தவர்கள் கிள்ளானில் இருந்த அவளுடைய பெற்றோர். அவள் அப்பாவுக்கு அங்கே இரும்புச் சாமான் கடை. ஓர் ஆணியைக்கூடக் கையில் வாங்கி உருட்டிப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்லமாட்டார். விமலாவின் அக்காவுக்கு வந்த இரண்டு வரன்களை, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஏன் வேண்டாம் என்று அந்த மாப்பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரியாதாம்.

இப்போது என் முறை.

“வர்ற ஞாயித்துக்கெழம அப்பாவும் அம்மாவும் உங்க வீட்டுக்கு வராங்க,” என்றாள் விமலா. “அவங்க வேணாம்னு சொல்லிட்டா, வீட்ட விட்டு ஓடி வர்ற ஆளு நான் இல்ல குமார். இப்பவே சொல்லிடறேன் லா.”

சொன்னால் சொன்னதுதான், விமலா அப்படி. இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். கேசரி, வடை, டீ எல்லார் வீட்டிலும்தான் கொடுக்கிறார்கள். அந்த இரண்டு மாப்பிள்ளைகளும் கேசரியால்தான் கவிழ்ந்தார்கள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நம் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் கிள்ளான்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு போக வேண்டும். (போனார்கள்.) ஆகவே பீட்சா.

பீட்சா என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்குவதற்கு ஒரு முழு இரவுச் சாப்பாட்டு நேரம் பிடித்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

“கடையில வாங்குறதா? சம்பந்தம் பேச வர்றவங்களுக்குக் கடைச் சாமானையா வைப்ப? இவங்க வீட்டுல அடுப்பே எரியாது போலன்னு நெனச்சுக்குவாங்கடா.”

நியாயமான பேச்சு. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. எஸ்.எஸ். டூ என்ற குடியிருப்புப் பக்கம் சீனர் ஒருவர் புதிதாகக் கடை திறந்திருந்தார். பீட்சாவைப் பாதி மட்டும் சுட்டுக் கொடுப்பார். மீதியை நாம் வீட்டில் ஓவனில் வைத்துச் சுட்டுக்கொள்ள வேண்டும். பாதி கடையுடையது, பாதி நம்முடையது. நம் வீட்டு அடுப்பும் எரிந்ததாக ஆகும், எனக்கு மாவு பிசையத் தெரியாது என்பதும் வெளியே வராது. (அரைவேக்காடு என்று அவசரப்பட்டு யாரும் சிரிக்க வேண்டாம். அந்தச் சிரிப்பை என் அலுவலக நண்பர்கள் எப்போதோ சிரித்து முடித்துவிட்டார்கள்.)

ஒரே ஒரு குறை, எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. சனிக்கிழமை போய் ஒன்று வாங்கி வந்தேன். மேசைமேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன். முன்னால் கண்ணாடிக் கதவு, மேலும் கீழும் சூடேறிச் சிவக்கிற கம்பிகள். அப்பாவுக்கு அப்போது ரயில்வேயில் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸின் சமையலறையில் அதைக் கொண்டுபோய் வைத்ததும், வீட்டுக்குப் புது டிவி வந்ததுபோல அப்பா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு மதியம் எஸ்.எஸ். டூவுக்குப் போய், பாதி சுட்ட பீட்சாவோடு மினி பஸ் ஏறினேன். அந்தக் காலத்து மினி பஸ்ஸைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: டிரைவருக்கு பிரேக் ஞாபகம் வருவது எல்லாம் கைமீறிய பிறகுதான். கண்டக்டருக்கு, பஸ் நிறைந்துவிட்டது என்று ஒரு நிலையே கிடையாது. நான் அட்டைப்பெட்டியை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, எதையும் பிடித்துக்கொள்ளாமல், பக்கத்திலிருந்தவர்களின் முதுகை நம்பி நின்றுகொண்டு வந்தேன்.

“என்னா அண்ணே, கேக்கா?” என்றார் கண்டக்டர். நம்ம ஆள்.

“பீட்சா.”

“யாருக்குப் பொறந்த நாளு?”

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் காளான், குடைமிளகாய், சீஸ் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. விரலால் தள்ளிச் சமன் செய்தேன். வெளுத்துப்போய், ஈரமாகக் கிடந்த அந்த வட்டத்தை அம்மா எட்டிப் பார்த்தார்.

“இதுக்கு ஒடம்பு சரியில்ல போலிருக்கே,” என்றார்.

கடைக்காரர் சொல்லி அனுப்பியது கஷ்டமான காரியம் இல்லை. ஓவனை முதலில் நன்றாகச் சூடாக்க வேண்டும். பிறகு பீட்சாவை உள்ளே வைத்துப் பத்து நிமிடம். நான் சுவிட்சில் கை வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“புது அடுப்புடா. மொதல்ல பால் காய்ச்சணும்.”

“ம்மா, இது அடுப்பு இல்ல. ஓவன்.”

“சூடு வருமா, வராதா?” என்றார் அப்பா, நாற்காலியிலிருந்து.

“வரும்.”

“அப்போ அடுப்புதான்.”

அம்மா விட்டுக்கொடுப்பதாக இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பால் பொங்கியது. கேஸ் அடுப்பு வந்தபோது பொங்கியது. அதற்கு முந்திய மண்ணெண்ணெய் அடுப்புக்கும் பொங்கியது. பிள்ளையின் கல்யாணப் பேச்சு நடக்கிற அன்றைக்குப் பார்த்தா ஓர் அடுப்பைச் சும்மா மூட்டுவது? படித்த பிள்ளையான நான் ஒரு கணக்குப் போட்டேன். ஓவன் எப்படியும் காலியாகச் சூடாகப்போகிறது. அந்த நேரத்தில் பாலும் காய்ந்துவிட்டுப் போகட்டுமே. ஒரே சூட்டில் இரண்டு வேலை. பால் பொங்கினால் எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை. அது பொங்குவதற்காகவே வைக்கிற பால் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கழுத்தில் மஞ்சள் கட்டிய சின்னப் பித்தளைச் செம்பு. அதில் விளிம்புவரை பால். ஓவனுக்குள் இருந்த தட்டை எடுத்துவிட்டுக் கம்பி வலையின்மேல் வைத்தோம். மூன்று பேரும் கண்ணாடிக் கதவின் முன்னால் நின்றோம். கேஸ் அடுப்பில் கண்மூடித் திறப்பதற்குள் பொங்குகிற பால், ஓவனுக்குள் ஆடை கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அப்பா போய் பேப்பர் எடுத்து வந்தார். நான் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். பால் அப்படியே இருந்தது. போதும், வெளியே எடுத்துவிடலாம் என்றால், “பொங்காம எறக்கக் கூடாது” என்று அம்மா ஓவனை மறித்துக்கொண்டு நின்றார்.

வாசலில் கார் வந்து நின்றது. ராகு காலம் தொடங்குவதற்குள் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று கிள்ளான்காரர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அப்பா வாசலுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். விமலாவின் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். “வாங்க அங்கிள், வாங்க ஆன்டி” என்று நான் கைகூப்பியதும் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

“பொங்கலோ பொங்கல்!”

அது தை மாதம் இல்லை. விமலாவின் அப்பா ஒரு கால் செருப்போடும் ஒரு கால் செருப்பில்லாமலும் அப்படியே நின்றார். அடுத்து உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். கருகிய பால் வாடை. கூடத்து மின்விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது.

பால் சிவந்த கம்பிகளின்மேல் வழிந்து, அடியில் இறங்கி, ஓவனோடு வீட்டின் ஃபியூஸையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. அப்பா ஸ்டூல் போட்டு ஏறினார். விமலாவின் அப்பா உட்காரக்கூட இல்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, “என்ன கம்பிண்ணே போட்டிருக்கீங்க?” என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் விசிறி சுற்றியது. ஓவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. விமலாவின் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாதவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

நான் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் கிசுகிசுத்தேன். “இப்ப பீட்சாவ என்னம்மா பண்றது?”

“தோசைக்கல் எதுக்கு இருக்கு? நான் பார்த்துக்கறேன். நீ போய் அவங்களோட பேசிக்கிட்டு இரு.”

நம்பிப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து, பீட்சா இத்தாலி நாட்டுப் பண்டம் என்பதில் ஆரம்பித்து ஒரு பிரசங்கம் நடத்தினேன். “ஒரு துண்டை எடுத்தா சீஸ் அப்படியே நூல் நூலா வரும் அங்கிள்” என்று இரண்டு கைகளாலும் இழுத்துக் காட்டினேன். அவர் என் கைகளுக்கு நடுவே இருந்த காற்றை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்டி, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனார். போன கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது.

ஓடினேன். சமையலறை வாசலில் ஆன்டி கையில் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே அம்மா கையில் தோசைத் திருப்பி. கல்லின்மேல் பீட்சா கவிழ்ந்து கிடந்தது. அதன் அடிப்பக்கம் பொன்னிறமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் வேறு விட்டிருந்தார்.

“திருப்பிட்டீங்களா!”

“ஒரு பக்கம் நல்லா வெந்துருச்சு. மேல்பக்கம் பச்சையாவே கெடந்துச்சு. திருப்பாம வேற என்னடா செய்வாங்க?”

அம்மா திருப்பியை அடியில் விட்டு நெம்பினார். வரவில்லை. இன்னும் பலமாக நெம்பினார். ரொட்டி மட்டும் தனியாகக் கழன்று வந்தது. சீஸ், காளான், குடைமிளகாய் எல்லாம் கல்லிலேயே தங்கிக் கறுத்துப் புகைந்தன. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அம்மா எண்ணெய் தடவித் தடவிப் பழக்கிய கல் அது. எனக்கு வாய் திறந்தது. ஆனால் சத்தம் வரவில்லை.

புகையைப் பார்த்து அப்பா வந்தார். செத்துப்போன ஓவனைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“கைய சுட்டுக்கிட்டியா?” என்றார்.

“இல்லங்க.”

அப்பா ஜன்னலைத் திறந்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பிப் போனார்.

ரொட்டியைத் துண்டு போட்டு, கல்லிலிருந்து சுரண்டியதை மேலே தூவி, பக்கத்தில் காலையில் அரைத்த தேங்காய்ச் சட்டினியையும் வைத்து அம்மா கொண்டுவந்தார். சீஸ் நூல் நூலாக வரவில்லை, கரிதான் தூள் தூளாக உதிர்ந்தது. விமலாவின் அப்பா ஒரு துண்டைக் கையில் எடுத்தார். எடை பார்த்தார். தட்டின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“கெட்டியாத்தான் இருக்கு தம்பி,” என்றார்.

இரும்புக் கடைக்காரர் வாயில் அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பால் முழுவதும் ஓவனுக்குப் போய்விட்டதால் டின் பாலில் டீ கலக்கிக் கொடுத்தோம். குடித்துவிட்டு, “சொல்லி அனுப்பறோம்” என்று கிளம்பினார்கள். கார் தெருமுனை திரும்புகிறவரை நான் கையசைத்தேன். உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். விமலா என் கையைவிட்டுப் போய்விட்டாள் என்றே எனக்குத் தோன்றியது. அழுகை வந்தது. தீய்ந்த புகை என்று சொல்லி முகம் கழுவிக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் விமலாவே என் மேசைக்கு வந்தாள்.

“அப்பா சரின்னுட்டாரு.”

“எதுக்கு?”

“எதுக்கா? நம்ம கல்யாணத்துக்கு லா!”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

“அம்மாதான் கார்ல போறப்பவே அப்பாகிட்ட சொன்னாங்களாம். புது ஓவன் போச்சு, தோசைக்கல் போச்சு, வந்தவங்க முன்னால மானமும் போச்சு. ஆனா அந்த வீட்டுல யாரும் யாரையும் ஏசல. உங்க அப்பா மொதல்ல கேட்டதே கைய சுட்டுக்கிட்டியான்னுதானாம். நாளைக்கு நம்ம பொண்ணு எதையாவது ஒடச்சாலும் இப்படித்தான் கேப்பாங்க, குடுத்துடலாம்னாங்களாம்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “உங்களப் பத்தியும் சொன்னாங்க. கல்லு கருகினப்போகூட மாப்பிள்ளை சத்தமே போடலியாம். எவ்ளோ பொறுமைன்னு ஆச்சரியப்பட்டாங்க.”

பொறுமையாவது, ஒன்றாவது. எனக்குத் தொண்டை அடைத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். குரல் மட்டும் வந்திருந்தால் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கேட்டிருக்கும், விமலாவும் இன்னொரு வீட்டுக்குப் போயிருப்பாள். அதை அவளிடம் சொல்லவில்லை. அன்றைக்கு என் அப்பாவை நினைத்து எனக்கு வந்த பெருமையை அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் இருந்தபோதே சொல்லியிருக்கலாம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பால் பொங்கியதால்தான் சம்பந்தம் கூடி வந்தது என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். என் மாமியாரோ, மாப்பிள்ளையின் பொறுமையைப் பற்றி உறவுக்காரர் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் சொன்னார். அதனால் இந்த வீட்டில் யாரையும் ஏசும் உரிமை எனக்கு இல்லாமலேயே போய்விட்டது. யார் எதை உடைத்தாலும், நான் மூச்சை இழுப்பதற்குள் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: “கிள்ளான்காரங்க பாக்கறாங்க!”

போன வருடம் என் மகன், நான் புதிதாக வாங்கிய காரைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடித்துவிட்டான். சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். பின்விளக்கு தூள். தூண் சாய்ந்திருந்தது. வாயைத் திறந்தேன். இந்த முறை குரல் தயாராகவே இருந்தது.

“கிள்ளான்காரங்க பாக்கறாங்க!” என்றாள் விமலா, சமையலறை ஜன்னலிலிருந்து.

மகன் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அடி கிடி பட்டுச்சாப்பா?” என்றேன்.

“இல்லப்பா.”

அதன்பிறகு, விமலா ஜன்னலைவிட்டும் மகன் காரைவிட்டும் போனார்கள் என்றால் தனியாக நின்று அந்தத் தூணையாவது கொஞ்சம் ஏசிக்கொள்ளலாம் என்று ரொம்ப நேரம் காத்திருந்தேன். இரண்டு பேரும் போகவே இல்லை.