எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது

"ஒரே நேரத்துல எத்தனை பேர் உள்ள வருவாங்க சார்?" என்று இணையத்தில் இடம் வாடகைக்கு விடும் சர்வர் கம்பெனிப் பெண் போனில் கேட்டாள்.

"எட்டுப் பேர்," என்றார் லிஃப்ட் மெக்கானிக். "ஒன்பதாவது ஆள் ஏறினா மணி அடிக்கணும்."

அவள், இது இணைய மன்றம்தானே சார், லிஃப்ட் இல்லையே என்று பக்குவமாகக் கேட்டாள். எதுவானால் என்ன, பாரம் பாரம்தானே என்றார் அவர். இருபத்தாறு வருடம் லிஃப்ட் மாட்டியவர். எந்தப் பெட்டியாக இருந்தாலும் அது எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அவள் மெமரி என்றாள், பிராசசர் என்றாள், எத்தனை ஜிபி வேண்டும் என்றாள். எட்டுப் பேரைத் தாங்குவதில் எது சின்னதோ அதைக் கொடும்மா என்று முடித்துவிட்டார்.

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு கம்பெனி அவரை மேசையில் உட்கார வைத்துவிட்டது. நாள் முழுக்கப் புகார் போன் எடுப்பதுதான் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும்தான் அவரோடு பேசினார்கள். அவர்களும் வெளியே வந்ததும் போனை வைத்துவிடுவார்கள். கூட வேலை பார்த்தவர்களோடு கயிறு, கப்பி, கதவு என்று வாய் ஓயாமல் பேசிய மனுஷனுக்கு இது பெரிய தண்டனை. அதற்காகத்தான் இந்த மன்றம். நாலு மெக்கானிக்குகள் வர வேண்டும், சந்தேகம் கேட்க வேண்டும், தன்னோடு பேச வேண்டும். இதுவும் நடக்காவிட்டால் தன் கதை முடிந்தது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கும் மைத்துனன் ஒரே வாரத்தில் மன்றத்தைக் கட்டிக் கொடுத்தான். எட்டுப் பேர் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொள்ளும். அடுத்து வருகிறவருக்கு 'இடமில்லை, காத்திருக்கவும்' என்று ஒரு பக்கம் வரும். மெக்கானிக் மட்டும் எப்போது வேண்டுமானாலும் நேரே உள்ளே போகலாம். உலகத்தில் எவனும் இப்படி வைப்பதில்லை மாமா என்று மைத்துனன் சொல்லிப் பார்த்தான். உலகத்தில் எத்தனை லிஃப்ட் விழுந்திருக்கிறது தெரியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பழைய சகாக்களுக்கெல்லாம் தகவல் போனது. யாராவது வந்தார்களா என்று மெக்கானிக் விடிந்ததிலிருந்து நுழைந்து நுழைந்து பார்த்தார். முதல் நாள் மதியமே உள்ளே எட்டு, வெளியே பதினொன்று என்று காட்டியது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அது சரிங்க, உள்ள இருக்கிறவங்க என்ன பேசிக்கிறாங்க?" என்று கேட்டாள் அவள்.

ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் மட்டும் கதவு மூடித் திறந்து மூடித் திறக்கிறதே, என்ன காரணம் என்று அவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். விடை அவருக்கே தெரியும். பேச்சு ஆரம்பிக்கட்டுமே என்று போட்டதுதான். எட்டுப் பேரில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

கூச்சப்படுகிறார்கள், கூட்டம் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று பதினாறு பேரைத் தாங்கும் சர்வருக்கு மாறினார். இடம் கூடியிருக்கிறதா என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் நுழைந்து பார்த்தார், ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தார், மனைவியின் போனை வாங்கிப் பார்த்தார். அரை மணிக்கொரு தரம் பார்த்தார். மறுநாள் மைத்துனன் கதவைத் திறந்துவிட வந்தபோதே பதினாறும் நிறைந்திருந்தது. வெளியே நாற்பது பேர். உள்ளே அதே மௌனம்.

'பேசாதவர்கள் தயவுசெய்து இறங்கி, காத்திருப்பவர்களுக்கு இடம் விடவும்' என்று எழுதிப் போட்டார். ஒருத்தரும் இறங்கவில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, யார் இந்த அழுத்தக்காரர்கள் என்று கேட்டுச் சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"பதினாறு பேரும் நீங்கதான் சார்," என்றாள் அந்தப் பெண்.

'வெளியேறு' என்ற பொத்தானை அமுக்கினால்தான் ஆள் இறங்கிய கணக்காம். அவர் ஒரு நாளும் அதை அமுக்கியதில்லை. இடம் நிறையும்வரை, ஒவ்வொரு தரம் எட்டிப் பார்த்தபோதும் புதிதாக ஒரு ஆள் ஏறிய கணக்கு.

மானம் போயிற்று. அந்த வேகத்திலேயே இருப்பதில் பெரிய சர்வரை எடுத்தார். ஆயிரம் பேரைத் தாங்கும் என்றாள். கதவும் வேண்டாம், காத்திருக்கும் பக்கமும் வேண்டாம், எல்லாவற்றையும் தூக்கிவிடு என்று மைத்துனனிடம் சொன்னார். அவனும் தூக்கிவிட்டான்.

காத்திருந்தவர்கள் உள்ளே வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள். ஒருத்தர் 'வணக்கம்' என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். ஆயிரம் பேர் இடத்தில் மெக்கானிக் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருந்தார். தான் யாருக்கும் வேண்டாதவன் போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார்.

மன்றத்தை மூடிவிடலாம் என்று மைத்துனனைக் கூப்பிடப் போனார். அதற்குள் கிரீஸ் போனில் கூப்பிட்டான். பதினைந்து வருடம் அவரோடு கயிறு மாற்றியவன். கழுவிய கையோடு அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர்.

"அண்ணே, அந்த இடமில்லைங்கிற பக்கத்தை ஏன் எடுத்தீங்க? அதுல புகார் எழுத ஒரு பெட்டி இருந்துச்சே. இத்தனை நாளா நாங்க நாப்பது பேரும் அங்கதான் பேசிட்டிருந்தோம்."

அப்படி ஒரு பெட்டி இருந்ததே அவருக்குத் தெரியாது. நேரே உள்ளே போகிறவர் வெளியே இருப்பதை எங்கே கண்டார். மூன்று வாரமாக அப்படி என்னப்பா பேசினீர்கள் என்று மெல்லக் கேட்டார்.

"உள்ள ஏறிக்கிட்டு எறங்கவே மாட்டேங்குறானுங்களே பதினாறு பேரு, அவனுங்களத் திட்டித் திட்டித்தாண்ணே நாங்க எல்லாம் ஒண்ணாச் சேர்ந்தோம். கதவைப் பழையபடி சாத்திட்டு நீங்களும் வெளிய வந்துருங்க, சேர்ந்து திட்டலாம்."