வெளியே போகும் முன் அணைக்கவும்

அன்பு மைத்துனருக்கு, உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம் என்று தொடங்குவதுதான் கடிதத்துக்கு மரியாதை. ஆனால் வாழ்நாள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்திப் பிழைத்தவன், தெரிந்தே முதல் வரியில் ஒரு பிழையை விடுவது சரியல்ல. ஆகவே அங்கே நீங்களும் உங்கள் வீட்டாரும் உங்கள் அக்காவும் நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுப் போனை அவள்தான் எடுக்கிறாள். என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை: தயவுசெய்து அவளை அனுப்பி வையுங்கள். என்ன நடந்தது என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மைதான். இருந்தாலும் என் பக்கத்தையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எங்கள் அடுக்குமாடியில் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒரு குழு அமைத்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களில் செல்போனைப் பார்க்காமல் பேசுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையே தலைவராக்கினார்கள். "பூமி சூடாகிட்டே போகுது சார், நம்ம பில்டிங்கால முடிஞ்சதை நாம செய்யணும்" என்று செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது நான் அவர் கையை விடவே இல்லை. ஓய்வுபெற்ற பிறகு யாரும் என்னிடம் எதையும் ஒப்படைத்ததில்லை. முற்றல் வெண்டைக்காயாகப் பொறுக்கி வருவேன் என்று உங்கள் அக்கா என்னைக் காய்கறிக் கடைக்குக்கூட அனுப்புவதில்லை. அப்படிப்பட்டவன் கையில் திடீரென்று பூமியையே கொடுத்தால் அவன் என்னதான் செய்வான்? நேரே வீட்டுக்கு வந்து, "இனிமே நம்ம வீடுதான் இந்த பில்டிங்குக்கே முன்மாதிரி" என்று அறிவித்தேன். அவள் நறுக்கிக்கொண்டிருந்த காயிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "முன்மாதிரி வீட்ல பாத்திரம் யாரு தேய்க்கிறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த எச்சரிக்கை எனக்கு உறைக்கவில்லை.

முதலில் சமையலறைக் குழல்விளக்கைக் கழற்றிவிட்டு மிகச் சின்ன பல்பு ஒன்றை மாட்டினேன், அதன் வெளிச்சத்தில் உப்பும் சர்க்கரையும் உடன்பிறப்புகளாகிவிட்டன, தித்திக்கிற கீரையை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடித்து அதைப் பெரிய தியாகமாக நான் நினைத்துக்கொள்ள, அவளோ ருசிகூடத் தெரியாமல் மீட்டரையே நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டாள். பிறகு பகலில் ஃபிரிட்ஜை நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன், பால் அந்தக் கணக்கை ஏற்கவில்லை, "இதையும் முன்மாதிரியா எல்லா வீட்டுக்கும் ஒரு டம்ளர் குடுத்துட்டு வாங்க" என்று பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள், அவள் கேலி செய்கிறாள் என்று புரிவதற்குள் நான் செருப்பு மாட்டிவிட்டேன். பிறகு வெயில் உள்ளே வராவிட்டால் மின்விசிறி தேவைப்படாதே என்று அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஜன்னல்களில் ஒட்டினேன், வெயில் வரவில்லை, காற்றும் வரவில்லை, சாயங்காலங்களில் அவள் உட்கார்ந்து வாரப்பத்திரிகை படிக்கிற ஜன்னலோரமும் இருட்டாகிவிட்டது, ஆனால் அட்டையில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சடித்திருந்தது தலைகீழாக இருந்ததுதான் என் கண்ணை உறுத்தியது, அதைப் பிரித்து நேராக்கி மறுபடி ஒட்டினேன்.

இதற்கெல்லாம் உங்கள் அக்கா சண்டை போடவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மாடிப்படி திரும்புகிற இடத்தில் பொது விளக்கின் கீழே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். தலைவரின் மனைவியே பொது மின்சாரத்தில் படிக்கிறாள் என்று நாலு பேர் பேசக் கூடாதே என்று நான் குழுவில் வாதாடி, ஆள் அசைந்தால் எரிந்து அசையாவிட்டால் தானே நின்றுவிடுகிற விளக்குகளைப் படிகள் நெடுக மாட்ட வைத்தேன். அவள் படிப்பாள், விளக்கு நின்றுவிடும், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டுவாள், எரியும், ஒரு பாரா படிப்பாள், மறுபடி நின்றுவிடும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் தங்களுக்குத்தான் கையசைக்கிறாள் என்று பதிலுக்குக் கையசைத்தார்கள். "உங்க வீட்டம்மா மாதிரி பழகத் தெரிஞ்சவங்க இந்த பில்டிங்லயே கிடையாது" என்று செயலாளர் என்னிடம் பாராட்டினார். அந்தச் சந்தோஷத்தை நான் அவளிடமே போய்ச் சொன்னேன். அவள் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெளிச்சம் வேணும்னா கையை ஆட்டணும். உங்ககிட்ட நாலு வார்த்தை பேசணும்னா எதை ஆட்டணும்?"

மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து பேசலாம் என்றேன். பார்த்துவிட்டு வந்தபோது அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டில் எல்லாக் கதவுகளிலும் நான் சின்னச் சின்னச் சீட்டுகள் ஒட்டியிருந்தேன். 'வெளியே போகும் முன் விளக்கை அணைக்கவும்' என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் காகிதத்துக்காகவும் மரத்தைத்தானே வெட்டுகிறார்கள் என்று சீட்டைக் குறுக்கி நறுக்கியதில் ஒரு சொல்லுக்கு இடம் போதவில்லை. 'விளக்கை' என்பதை எடுத்துவிட்டேன். வேறு எதை அணைக்கப்போகிறார்கள் என்று ஓர் எண்ணம்.

பெட்டியோடு வாசல் வரை வந்தவள் கதவில் இருந்த சீட்டைப் பார்த்து நின்றாள்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"யோசிச்சுத்தானே எழுதினீங்க?"

"பின்னே?"

"அப்ப சரி. நான் வெளிய போறேன்."

போகிறேன் என்றவள் போகவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு கோபத்திலும் குழுவின் விதியை மறக்கவில்லையே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது, மாப்பிள்ளை. "நல்ல வேளை ஞாபகப்படுத்தினே" என்று சொல்லி, கையை நீட்டி, ஹால் விளக்கை நிறுத்தினேன். இருட்டில் பெட்டியைத் தூக்குகிற சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன. அவள் இறங்க இறங்க மாடிப்படி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, ஒவ்வொன்றாக நின்றன.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவளுக்கு வீம்பு என்று நினைத்துக்கொண்டு, ஆள் இல்லாத வீட்டில் திட்டங்களை இன்னும் தீவிரமாக்கினேன். ஹீட்டரை நிறுத்திவிட்டு, தண்ணீர் வெயிலிலேயே காயட்டும் என்று வாளிகளுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துப் பால்கனிச் சுவர்மேல் வரிசையாக வைத்தேன். அதில் ஒன்று சரிந்து, கீழ்வீட்டுப் பல் டாக்டர் துணி காயப்போடுகிற நேரமாகப் பார்த்து அவர் தலையிலேயே கவிழ்ந்தது. சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தார். பல் பிடுங்குகிறவர் கோபமாக இருக்கும்போது வாயைத் திறப்பது உசிதமல்ல என்று நான் இறுக்க மூடிக்கொண்டேன். திட்டவேண்டியதைத் திட்டிவிட்டுத் திரும்பியவர் கதவருகே நின்றார். சீட்டைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"சார், நான் சண்டைக்குத்தான் வந்தேன். இருந்தாலும் உங்க வீடு, உங்க வழக்கம்" என்று சொல்லி, என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்துவிட்டு இறங்கிப் போனார்.

நனைந்த சட்டையோடு அங்கேயே நின்றேன். இரண்டு பொருள் தருகிற சொல் ஒன்று கண்ணில் பட்டால், ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவருக்கே திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. எத்தனை பெரிய எழுத்தாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்! என் வீட்டுக் கதவில், என் கையெழுத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை, அவள் பார்த்திருக்கிறாள். எழுதியவனிடமே கேட்டிருக்கிறாள், யோசித்துத்தானே எழுதினீர்கள் என்று. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் ஓரடி முன்னால் வருவேன் என்று காத்திருக்கிறாள். நான் விளக்கை நிறுத்தியிருக்கிறேன்.

மாப்பிள்ளை, ஜன்னல் அட்டைகளைப் பிரித்துவிட்டேன். ஃபிரிட்ஜ் ஓடுகிறது. சமையலறையில் உப்பு உப்பாகத் தெரிகிறது. பூமியை நான் கைவிடவில்லை. தேவையான விளக்கைப் போடு, தேவையில்லாததை நிறுத்து, ஜன்னலைத் திறந்து வை, இவ்வளவுதானே என்று அவள் முதல் நாளே சொன்னாள், எனக்கு அது ஒரு தலைவருக்குப் போதாது என்று பட்டது. சீட்டில் விட்டுப்போன சொல்லைச் சேர்க்கப் பேனாவை எடுத்தேன்; சேர்க்காமலே பேனாவை மூடிவிட்டேன். அவள் போன பிறகு மீட்டர் பாதியாகக் குறைந்திருக்கிறது. குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தி இல்லாததால் மிச்சமாகிற மின்சாரம் எனக்கு வேண்டாம். வீடு நன்றாக இல்லை. எனக்கு அவள் வேண்டும். இதை அப்படியே அவளிடம் படித்துக் காட்டி, அவளை அனுப்பி வையுங்கள். படித்த பிறகும் கோபம் ஆறவில்லை என்றால், நீங்கள் அவளுக்குச் செல்லத் தம்பி, ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தி, எப்படியாவது அவளை அனுப்பி வையுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நிறையப் படிக்கட்டும், நல்ல வெளிச்சத்தில் படிக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான்
('குழுத் தலைவர்' என்று எழுதி, அடித்துவிட்டேன்.)

பி.கு.: அவள் எந்த நேரமும் வந்துவிடலாம் என்ற நினைப்பில், வீட்டில் இருக்கிற எல்லா விளக்கையும் விசிறியையும் ஏசியையும் ஹீட்டரையும் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கையெழுத்துப் போடும்போது கீழே ஏதோ வெடித்த மாதிரி ஒரு சத்தம். கட்டிடம் முழுக்க இருட்டு. செயலாளர் மெழுகுவர்த்தியோடு என்னைத் தேடிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. இந்தப் பின்குறிப்பைப் பல் டாக்டர் பிடித்திருக்கிற செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். "சீக்கிரம் சார், பேட்டரி போகுது" என்கிறார். உறையில் போடுவதற்கு முன், பழக்கதோஷத்தில், மேலே எழுதியதை ஒருமுறை பிழை பார்த்தேன். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆகவே கடிதத்தைத் தபாலில் போடவில்லை, முதல் பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். 'அவளை அனுப்பி வையுங்கள்' என்று வருகிற இடங்களிலெல்லாம் 'என்னை உள்ளே விடுங்கள்' என்று திருத்திப் படிக்கவும்.