வோல்டேஜ் அண்ணனின் சிவப்புப் புள்ளி

மின்விசிறி ஓடும் சத்தத்தைக் கேட்டே வோல்டேஜ் சொல்லத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் அந்தமானில், போர்ட் பிளேரின் கராச்சர்மாவில், எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் குடியிருந்தார். டீசல் ஜெனரேட்டரை நம்பிப் பிழைக்கிற ஊர் என்பதால் அங்கே கரண்டு ஏறும், இறங்கும், நினைத்தால் படுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் பல் துலக்கியபடியே, "வோல்டேஜ் பாய், ஆஜ் கித்னா?" என்று இன்றைய அளவைக் கேட்பார். இவர் கண்ணை மூடி விசிறியைக் கேட்டுவிட்டு, "ஏக் சௌ நப்பே" என்பார், நூற்றுத் தொண்ணூறு. ஒருநாள் நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றொன்று காட்டியது. "மீட்டரை மாத்துங்க சார்" என்றார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ராமநாதபுரத்துக்காரர், படகு பழுதுபார்க்கும் பட்டறையில் எலக்ட்ரீஷியன். எங்களுக்கெல்லாம் வோல்டேஜ் அண்ணன்.

சுனாமி வந்து மூன்று நான்கு வருடம் கழித்து இந்த மனிதருக்கு லேசர் பைத்தியம் பிடித்தது. காரணம் அண்ணி. சுனாமியைக் கிளப்பிய பூகம்பத்தில் அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு கீறல் விழுந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் வயலாக இருந்த இடத்தில் கடல் வந்து நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. வீடும் தினம் கொஞ்சம் இறங்குகிறது, படுத்தால் முதுகுக்குத் தெரிகிறது என்று அண்ணி சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், "இறங்கலைன்னு காட்டுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறி ராமநாதபுரத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். மிக்ஸியையும் எடுத்துக்கொண்டு போனார்.

வேறு ஆளாக இருந்தால் போனில் கெஞ்சியிருப்பார். அண்ணன் லேசர் கட்டக் கிளம்பினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பாறை. அதில் லேசரை சிமெண்ட் வைத்து இறுக்கி, சிவப்புப் புள்ளியைத் தன் வீட்டு வராந்தாச் சுவரில் விழவைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுவிடுவது. வீடு இறங்கினால் வட்டமும் இறங்கும், புள்ளி வெளியே வந்துவிடும்.

"மொத்தத் தீவும் சேர்ந்து இறங்கினா? பாறையும்தானே அண்ணே இறங்கும்?" என்றேன்.

"அப்ப எல்லாரும் சேர்ந்துதானே சார் போறோம். அதுக்கு அவ பயப்பட மாட்டா."

பஜாரில் விற்கிற சாவிக்கொத்து லேசர் பத்தாவது நிமிடம் மங்கிவிடும் என்று அதை ஒதுக்கிவிட்டார். அவருக்கு வேண்டிய, லேசர் வெளிச்சத்தைக் கக்குகிற டயோடு பழைய டிவிடி ரைட்டருக்குள் இருந்தது. அதனால் தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை அவர் நலம் விசாரிக்கும் விதமே மாறிப்போனது. "பிள்ளைங்க நல்லா இருக்கா? ரைட்டர் எப்படி இருக்கு, ரொம்ப முனகுதா?" என்பார்.

அந்த டயோடு கடுகளவுதான். கரண்டு ஒரு பொட்டுக் கூடினாலும் அடுத்த நொடி உயிரோடு இருக்காது. ஆகவே வோல்டேஜையும் கரண்டையும் தனித்தனியாகத் திருகி அளந்து கொடுக்கிற நல்ல பவர் சப்ளைப் பெட்டி ஒன்று வேண்டும். சென்னையிலிருந்து கப்பலில் வந்த நண்பர் ஒன்று வாங்கிவந்தார். அண்ணன் அதைத் தூக்கியதுமே முகம் சுருங்கியது. "கனமே இல்லையே சார். உள்ள காத்தை வச்சுல்ல அனுப்பியிருக்கான்."

இரண்டாவது பெட்டியில் எண்கள் பச்சைப்பசேலென்று எரிந்தன. அதைப் பரீட்சை பண்ண எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்தார். மிக்ஸி ஓடும்போது பெட்டியின் எண்கள் அசையாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், அவர் மிக்ஸிதான் ராமநாதபுரத்தில் இருக்கிறதே. மூன்று வாரம் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் தேங்காய்ச் சட்னி. "அண்ணே, அண்ணிக்கு நானே போன் போட்டுப் பேசிடறேனே" என்று என் மனைவி கும்பிட்டாள். பெட்டி பாஸாகிவிட்டது என்று டயோடை மாட்டினார். சுவிட்சைப் போட்டார். எண்கள் அசையவில்லை, டயோடு மட்டும் செத்துப்போனது.

"போடுற நேரத்துல கரண்டு திருட்டுத்தனமாத் துள்ளுது சார். நாம பாக்குறதுக்குள்ள நல்ல பிள்ளையா உக்காந்துக்குது" என்றார். மூன்று டயோடுகள் இப்படிப் போயின. நான்காவதுதான் கடைசி, தெருவில் வேறு ரைட்டர் இல்லை. மனிதர் இளைத்துப்போனார்.

அந்தச் சமயத்தில் ஏதோ விண்ணப்பம் கொடுக்க என் ஆபீசுக்கு வந்தார். நான் ஒரு சர்க்கார் ஆபீசில் ஸ்டோர் கிளார்க். ரெக்கார்டு அறை வாசலில் வந்தவர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். கடல்காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க, நான் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே ஒரு இரும்புப் பெட்டி கிடந்தது. ரிஜிஸ்டரில் 'இரும்புப் பெட்டி, ஒன்று' என்று இருக்கும். அண்ணன் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"பவர் சப்ளை சார். டிரான்ஸ்பார்மர் மட்டும் ஒரு ஆள் கனம் இருக்கும்."

சூப்பிரண்டு நல்ல மனிதர். பழுதான பொருள் என்று ஒரு டெக்னிக்கல் ஆள் எழுதிக் கொடுத்தால் கழித்துவிடலாம், கழித்ததை அண்ணனே எடுத்துக்கொள்ளலாம் என்றார். அங்கே டெக்னிக்கல் ஆள் என்று இருந்ததும் அண்ணன்தான். "கராப் லிக் தோ, பஸ்" என்று காகிதத்தை நீட்டினார். பழுது என்று ஒரு வார்த்தை எழுதினால் முடிந்தது. அண்ணன் காலை முழுக்க அதைப் பரீட்சை பண்ணினார். நூறு முறை போட்டு நூறு முறை அணைத்தார். பெட்டி மீட்டரின் முள் துள்ளவேயில்லை. பிறகு நிதானமாக எழுதிக் கொடுத்தார்: 'மிக நல்ல நிலையில் உள்ளது. இதைப்போல் இன்னொன்று இந்தத் தீவுகளில் இல்லை.'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. அண்ணி வர வேண்டாமா உங்களுக்கு?"

"வேணும் சார். கதவுக்குக் கீழ கெடந்தும் ஒரு பழுதில்லாம இருந்திருக்கு. அதைப் போய்க் கெட்டுப்போச்சுன்னு எப்படி எழுதுறது? பொய் சொல்லி வாங்கின வெளிச்சத்தைக் காட்டி அவளை வான்னு கூப்பிடவா?"

வெறுங்கையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து, 'நீண்டகாலப் பரிசோதனைக்காக எலக்ட்ரீஷியன் வசம்' என்று எழுதி சூப்பிரண்டிடம் நீட்டினேன். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், எத்தனை நாளைக்கு என்று கேட்டார். "டெஸ்டிங் கித்னே தின்?"

"ரிசல்ட் வர்ற வரைக்கும் சார்."

கையெழுத்துப் போட்டார். கதவுக்குக் கல் வைத்துக்கொண்டோம்.

நான்காவது டயோடு பிழைத்தது. எங்கள் தீவில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். தினம் அந்நேரத்துக்குப் பாறையிலிருந்து சிவப்புப் புள்ளி வந்து வட்டத்துக்குள் உட்காரும். அண்ணன் பக்கத்திலேயே சுவரில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். சாட்சிக்கு நானும் போட வேண்டும். மூன்று மாதத்தில் சுவர் எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்டரை விட ஒழுங்காக இருந்தது.

அதன் பிறகுதான் போன் பண்ணினார். அண்ணி வந்தார், மிக்ஸியோடு. அண்ணன் அவரை நேராகச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, மூன்று மாதக் கதையையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். அண்ணி கையெழுத்துகளையெல்லாம் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார், கடைசியில் இளைத்துப்போயிருந்த அவரைப் பார்த்தார்.

"ஏங்க, நீ இல்லாம இருக்க முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த கப்பல்லயே வந்திருப்பேனே."

அண்ணன் அண்ணாந்து வராந்தா விசிறியைப் பார்த்து, "எரநூத்திப் பத்து" என்றார். கண் நிறைந்திருந்தது.

மறுநாள் காலை பெட்டியை ஒரு துண்டில் சுற்றித் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "ரிசல்ட் வந்துருச்சு சார், எடுத்துக்கங்க."

நான் ரிஜிஸ்டரைத் திறந்து, 'பரிசோதனை தொடர்கிறது' என்று எழுதிப் பெட்டியோடு அவரைத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பூகம்பத்துக்குப் பிறகு எனக்கும் படுத்தால் வீடு இறங்குவதுபோல் முதுகுக்குத் தெரியும். சாயங்காலம் எதிர்வீட்டுச் சுவரில் அந்தப் புள்ளி வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் நிம்மதியாகப் படுப்பேன்.