பாட்டில் மாமாவின் நாக்கு

இன்னும் கொஞ்ச நேரத்தில் செத்துப்போவேன் என்று ஒரு திங்கட்கிழமை காலை முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். லேசாக அல்ல, மனப்பூர்வமாக. என் நீலக் கட்டம் போட்ட சட்டையை எக்காரணம் கொண்டும் மைத்துனனுக்குக் கொடுக்கக் கூடாது என்று மனைவி லதாவிடம் சத்தியம் வாங்கும் அளவுக்கு நம்பினேன். கொலையாளி யார் என்பதிலும் எனக்குக் குழப்பம் இல்லை. கீழ்வீட்டுப் பாட்டில் மாமா.

மலையோர விதுராவில் ஆரம்பித்து விழிஞ்ஞம் துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்கள் வரைக்கும் சலித்துப் பார்த்தாலும், சிவப்பு ஒயினை பாட்டில் மாமா அளவுக்கு அறிந்த இன்னொரு ஆள் அகப்படமாட்டார். அதே மாதிரி, ஒரு சொட்டு ஒயின்கூடத் தொண்டையில் இறங்காத ஆளும் அவர்தான். மலையாளம் புழங்கும் இந்தக் கரமனையில் எங்கள் தெருவில் மனசாரக் குடிக்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்களுக்கெல்லாம் சார், அண்ணாச்சி, டாக்டர் என்று கௌரவமான பெயர்கள். ஒன்றுமே குடிக்காத இந்த மனிதருக்குத்தான் பாட்டில் மாமா என்ற பட்டம்.

காரணம் உத்தியோகம். கடலோரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் ஒயின் பாட்டில்கள் வைக்கும் அறை முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. கல்யாணம் ஆன புதிதில் மாமி இதைக் கேள்விப்பட்டு, அழாமல், சண்டை போடாமல், ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாராம். "தொடலாம், தூக்கலாம், மோந்து பாக்கலாம். உள்ளே போகப்படாது, அவ்வளவுதானாக்கும்." மாமா சத்தியத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். நாக்கின் வேலையையும் சேர்த்து மூக்கே பார்த்தது. மாடியில் நாங்கள் ரசம் தாளித்தால் கீழேயிருந்து குரல் வரும்: "லதா, பெருங்காயம் மாத்தினயா?" மாற்றியிருப்பாள்.

ஹோட்டலுக்கு எப்போதாவது வந்து தங்கும் ஒரு வெள்ளைக்காரர், வந்த மூன்று தடவையும் மாமாவுக்கு ஜோடி ஜோடியாக ஒயின் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆக ஆறு பாட்டில்கள், மூன்று வருஷத்துச் சரக்கு. லேபிளில் அச்சடித்த வருஷத்தை மாமா சொல்லவே மாட்டார். அந்த வருஷம் இங்கே என்ன நடந்ததோ அதுதான் ஒயினுக்குப் பெயர். மகள் மீனு பிறந்த வருஷம் ஒன்று, சுனாமி வருஷம் ஒன்று, வெள்ளம் வந்த வருஷம் ஒன்று. புதிதாகக் கேட்கிறவர்கள் பேரிடர் மேலாண்மை பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஏசி. அது பாட்டில்கள் படுக்கும் அறையில் இருந்தது. மாமாவும் மாமியும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு தூங்குவார்கள். கரண்ட் போனால் மாமா எழுந்து உள்ளே போய், நனைத்த சாக்கைப் பாட்டில்கள் மேல் போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவார். "எனக்கு விசிறி நாளாச்சு" என்று மாமி கூடத்திலிருந்து சொல்வார். "நீ கார்க்கு போட்டு அடைச்ச சாதனமில்லையேடி" என்று பதில் வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மீனு குண்டைத் தூக்கிப் போட்டாள். அவள் போர்ச்சுகலில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு பையனைப் பார்த்து முடிவு செய்துவிட்டாள். பையனின் அப்பா கரமனைக்கு வந்து சம்பந்தி வீட்டில் ஒரு வேளை சாப்பிட ஆசைப்படுகிறார். இது வரைக்கும் மாமா கலங்கவில்லை. பையனின் அப்பா திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் தயாரிக்கிறவர் என்று அடுத்த செய்தி வந்ததும் மாமா மாடிப்படி ஏறி வந்துவிட்டார். அதுவரை எங்கள் வீட்டுக்கு அவர் மூக்கு மட்டும்தான் வந்திருந்தது.

"டேய், ஒரு உபகாரம் பண்ணணும். மூணு வருஷத்துல எதை அவர் முன்னால வைக்கறதுன்னு தீர்மானிக்கணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு பாட்டில் திறக்கப்போறேன். மோந்து பாத்து பாதிதான் சொல்ல முடியும். எனக்கு ஒரு நாக்கு வேணுமாக்கும்."

"என் நாக்கா மாமா? எனக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாதே?"

"தெரியாண்டாம். கோயில் சத்யை விருந்துல எல்லாரும் ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டப்போ, சாம்பார்ல காயம் ஜாஸ்தின்னு எழுந்து நின்னு சொன்னவன் நீயல்லே? அந்த நாக்கு போரும்."

வாழ்க்கையில் என் வாய்த்துடுக்கை ஒருவர் தகுதியாகக் கருதியது அதுதான் முதல் தடவை. சம்மதித்தேன். மாமா வீட்டில் திரைச்சீலை மாட்டப் போகிறேன் என்று லதாவிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கீழே இறங்கினேன்.

மாமா அன்று புத்தம் புது வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஒயினின் நிறத்தை வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்துத்தான் பார்க்க வேண்டுமாம். கண்ணாடிக் கிளாஸைத் தொடைக்கு நேராகப் பிடித்து, குனிந்து, அரை நிமிஷம் பார்ப்பார். பிறகு சுழற்றுவார். மூக்கை உள்ளே விடுவார். கண்ணை மூடிக்கொண்டு கிளாஸை என் கையில் கொடுப்பார்.

என் முன்னால் ஒரு கோளாம்பி. வெற்றிலை துப்பும் பித்தளைப் பாத்திரம். "வாயில வச்சு, உருட்டி, இதுல துப்பணும். முழுங்கப்படாது." இன்னொரு பக்கம் ஒரு கிண்ணத்தில் மாமி வைத்த கிச்சடி. இந்த ஊரில் கிச்சடி என்றால் காயைத் தயிரில் கலந்து தாளிப்பது. ஒரு வருஷத்தின் ருசி அடுத்த வருஷத்தில் ஒட்டாமல் இருக்க நடுநடுவே வாயைச் சுத்தப்படுத்த வேண்டும். "வெள்ளைக்காரன் இதுக்கு ரொட்டி திம்பான். தயிர் படாம நம்ம வாய் எப்படிடா சுத்தமாகும்?" என்றார் மாமா. எனக்கு அது நியாயமாகப் பட்டது.

மீனு பிறந்த வருஷத்தை உருட்டினேன்.

"சொல்லு."

"பழைய புளி மாமா. அப்புறம், மழையில் நனைந்த மரக்கதவு."

"மரக்கதவு! எனக்கு மூக்குல வந்தது!" மாமா துள்ளினார். "தேக்கா, பலாவா?"

"பலா." எனக்கு எப்படித் தெரியும்? அவர் முகத்தைப் பார்த்தால் பலா என்று சொல்லத் தோன்றியது.

கிச்சடி. பிறகு சுனாமி வருஷம். "நேற்று வைத்த ரசத்தில் ஒரு கிராம்பு தவறி விழுந்த மாதிரி." மாமா தலையாட்டினார். கிச்சடி. பிறகு வெள்ளம் வந்த வருஷம். "பாயசமாக ஆசைப்பட்டு நடுவழியில் மனசு மாறின நாவல்பழம்." மாமா கண்ணில் நீர் தளும்பியது. "மறுபடி முதல்லேர்ந்து" என்றார். மறுபடி முதலிலிருந்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் முடிவு மாறியது. கிச்சடிக் கிண்ணம் இரண்டு தடவை நிரம்பியது.

ஒரு விவரத்தை மட்டும் நான் மாமாவுக்குச் சொல்லவில்லை. கோளாம்பியில் நான் அதிகம் துப்பவில்லை. அவ்வளவு வருஷம் ஏசியில் படுத்த சாமானைப் பித்தளையில் துப்ப எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை பாத்ரூமில் குனிந்து பார்த்தேன். சிவப்பு.

நான் கத்திய கத்தலில் லதா தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள். கதவுக்கு வெளியே நின்று, "பல்லியா?" என்றாள்.

"ரத்தம்! கிட்னி போய்விட்டது!"

ஆட்டோவில் போகும்போதே உண்மையையெல்லாம் கக்கினேன். பழைய ஒயின் விஷமாகியிருக்கும், நாளிதழில் படமெல்லாம் வரும், தயவுசெய்து கல்யாண ஆல்பத்துப் படத்தைக் கொடுக்காதே என்றேன். நீலச் சட்டை விஷயம் அப்போதுதான் வந்தது. லதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப திரைச்சீலை மாட்டலையா?" என்றாள். நான் சாகக் கிடக்கிறேன், இவளுக்குத் திரைச்சீலை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் பெண் என்னைப் படுக்கவைத்து, சிறுநீரைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போனாள். அதற்குள் லதா போனில் மாமாவைப் பிடித்துவிட்டாள். "மாமா, என்னத்தக் கொடுத்தீங்க இவருக்கு? ரத்தமாப் போவுது!"

ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கேட்டது. "எந்த வருஷம்?"

"என்னது?"

"மூணுல எந்த வருஷத்தை ஜாஸ்தி குடிச்சான்னு அவன்கிட்ட கேளு."

தெரியவில்லை என்று நான் முனகினேன். போன் வைக்கப்பட்டது. சாகிற நேரத்திலும் இந்த மனிதருக்கு எது பெஸ்ட் என்ற கவலைதானே என்று நான் கசந்துபோய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

மத்தியானம் நெருங்கும்போது ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதை இரண்டு தடவை படித்தாள். "ரக்தம் இல்லல்லோ" என்றாள்.

"லதா, எனக்கு ரத்தமே இல்லையாம்!"

"வாயை மூடிட்டுப் படுங்க. ஒண்ணுக்குல ரத்தம் இல்லைன்னு சொல்றாங்க."

அப்படியானால் சிவப்பு எங்கிருந்து வந்தது? டாக்டரே நெற்றியைச் சுருக்கினாள். அந்த நேரத்தில் வாசல் பக்கம் ஒரு சச்சரவு. செக்யூரிட்டிக்காரர் யாரையோ தடுத்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சிட்டுண்டோ?"

"உண்டு. மூணு வருஷம் குடிச்சிட்டுண்டு. வழி விடுங்கோ."

பாட்டில் மாமா உள்ளே வந்தார். நேராக வரவில்லை, படகு மாதிரி வந்தார். நேற்றைய வெள்ளை வேட்டியில் மூன்று சிவப்புத் திட்டுகள். கையில் ஈரச் சாக்கு, அதற்குள் மூன்று காலிப் பாட்டில்கள் முட்டிக்கொண்டன. பின்னால் மாமி, அவர் முழங்கையைப் பிடித்தபடி.

"டாக்டரே," என்றார் மாமா, கட்டிலைப் பிடித்துக்கொண்டு. "இவன் குடிச்ச அதே பாட்டில்லேர்ந்து மிச்சம் மூணையும் நான் குடிச்சாச்சு. எதுல விஷம்னு எப்படித் தெரியும்? அதான் மூணும். குடிச்சிட்டு, காத்திருந்து, ஒண்ணுக்குப் போய்ப் பாத்தாச்சு. சிவப்பில்லை! கிணத்துத் தண்ணி மாதிரி இருக்கு! இவனுக்கு வேற எதோ தீனம். வேற பாருங்கோ, சீக்கிரம் பாருங்கோ!"

லதா மாமியைப் பார்த்தாள். "நீங்க தடுக்கலையா மாமி?"

"நானாக்கும் ஊத்திக் கொடுத்தேன்" என்றார் மாமி. "சத்தியம் வாங்கினது நான். விடறதுக்கும் நான் போரும்."

டாக்டர் பெண் மாமாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவர் குடித்ததைத்தான் நானும் குடித்தேன் என்றால், நான் மட்டும் தனியாக ஏதோ சாப்பிட்டிருக்க வேண்டும். "சேட்டா, இன்னலெ வேறெ எந்தா கழிச்சது?"

நேற்று வேறு என்ன சாப்பிட்டேன்? "ஒன்றுமில்லையே. நடுநடுவே கொஞ்சம் கிச்சடி."

"எந்து கிச்சடி?"

"பீட்ரூட்" என்றார் மாமி. "ரெண்டு கிண்ணம் தின்னான். அவருக்கு பீட்ரூட் பிடிக்காது, அவர் தொடலை."

டாக்டர் ரிப்போர்ட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே போனாள். வராந்தாவில் நர்ஸுகள் சிரிக்கும் சத்தம் சங்கிலி மாதிரி ஒவ்வொரு அறையாகப் போனது. லதா சிரிக்கவில்லை. என் தலைமாட்டில் உட்கார்ந்து நிதானமாக, "அந்த நீலச் சட்டை என் தம்பிக்குத்தான்" என்றாள். எனக்கு இருந்த நிம்மதியில் பேண்ட்டையும் சேர்த்துக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

சம்பந்தி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மாமா மீனு பிறந்த வருஷத்தைத் திறந்தார். மற்ற இரண்டும் பேரிடர்கள், கல்யாணப் பேச்சுக்கு ஆகாது என்று மாமி தீர்மானித்துவிட்டார். சம்பந்தி ஒரு வாய் குடித்து, மரியாதையாகத் தலையாட்டி, இலையில் இருந்த பீட்ரூட் கிச்சடியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் என்ன நடக்கலாம் என்று மீனு மூலமாக அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஆனால் எனக்கு மறக்காதது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஆட்டோதான். மாமாவும் நானும் பின் சீட்டில் இருந்தோம். முந்தைய ஆட்டோவில் மாமியும் லதாவும் போய்விட்டார்கள். கரமனைப் பாலத்தில் காற்று அடித்தது. மாமா என் தோளில் சாய்ந்திருந்தார்.

"மாமா, இப்போது உங்களுக்கே தெரியுமே. மூன்றில் எது நல்லது?"

அவர் பாலம் முடியும் வரை யோசித்தார்.

"தெரியலைடா. உனக்கு என்ன ஆச்சோன்னு பயந்த பேடியில, ருசி ஒண்ணும் தெரிஞ்சில்லை."

நடந்தது அவ்வளவுதான். நான் கண்ட சிவப்பு பீட்ரூட். வாழ்நாளெல்லாம் ஒயினை மோந்து மட்டுமே பார்த்த மனிதர், எனக்காக மூன்று பாட்டில் மிச்சத்தையும் மடக் மடக்கென்று குடித்தார்.