இடப்பக்கம் திரும்பாத கார்

மரியாதைக்குரிய மச்சான் சுடலைக்கண்ணன் அவர்களுக்கு, மும்பை செம்பூரிலிருந்து உங்கள் தங்கை விஜயராணியின் கணவன் பிரம்மநாயகம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே கல்யாண் ஊரில் நீங்களும், வீட்டில் அனைவரும், நிச்சயமான உங்கள் மகள் ஷ்யாமளாவும் சௌக்கியமாக இருக்க அவனையே வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீங்கள் என் போனை எடுக்காததால், ரிட்டயர் ஆனபின் தொடாத பேனாவைத் தேடி எடுத்து இதை எழுதுகிறேன்.

மச்சான், ஷ்யாமளாவின் நிச்சயத்துக்கு நாங்கள் வேண்டுமென்றே வராமல் இருந்துவிட்டதாக நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. நேரில் வந்து கூப்பிடாமல் அழைப்பிதழைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். உங்களுக்கும் ஆயிரம் வேலை, நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் தங்கை அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வாட்ஸ்அப்ல கூப்பிட்டவனுக்கு நானும் வாட்ஸ்அப்லயே வாழ்த்து அனுப்பிருதேன்" என்றாள். அதோடு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இது இப்படியிருக்க, நான் ஆசைப்பட்டு வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. நேராகப் போனால் ஒன்றுமில்லை, வலப்பக்கம் திரும்பினால் ஒன்றுமில்லை, இடப்பக்கம் திரும்பினால் மட்டும் யாரோ டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல் கடகடவென்று அடிக்கும். மெக்கானிக்கிடம் போனால் இன்னும் நாலு வியாதி சொல்வான் என்று பயந்து, இடப்பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டேன். இடது பக்கம் போக வேண்டிய இடத்தில் நேராகப் போய், மூன்று தடவை வலப்பக்கம் திரும்பினால் அதே தெருவுக்கு வந்துவிடலாம். மார்க்கெட்டுக்கு இப்படிப் போய்வந்ததில் உங்கள் தங்கை கீரை வாங்கும் நேரத்துக்குக் கீரை தீர்ந்துவிடும். "வியாதிக்கு வைத்தியம் பாக்காம வியாதியச் சுத்திக்கிட்டு அலையுதீங்க" என்று சொன்னாள். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்து பார்த்தால் உங்கள் தங்கை குளித்து, அரக்கு நிறப் பட்டு உடுத்தி, ஷ்யாமளாவுக்கென்று வாங்கிய மல்லிகைப் பூவை ஈரத்துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டிய காருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஏதாவது கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று வேட்டியை அவசரமாகக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஹைவேயில் ஏறும் இடத்தில் இடப்பக்கம் திரும்பித்தான் ஆகவேண்டும். திருப்பினேன். படார் என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் நின்ற பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் ஹாரன் அடிக்க, ஹிந்தியிலும் மராட்டியிலும் எனக்கு அர்ச்சனை நடந்தது. உங்கள் தங்கை பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினாள், மச்சான்.

சுனாபட்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன் பாய், நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர், வண்டியைக் கட்டி இழுத்துப்போய்க் கீழே படுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, வலது பக்க ஆக்ஸில் போயிட்டு. ரப்பர் கிழிஞ்சு கிரீஸ் எல்லாம் வெளிய, மண்ணு எல்லாம் உள்ள. புதுசுதான் போடணும். ஏக் கண்டா, முடிச்சிருதேன்" என்றார். "டாக்சி பிடிச்சுப் போயிருவோமே" என்றாள் உங்கள் தங்கை. ஒரு மணி நேரந்தானே என்று நான்தான் தடுத்தேன். சொந்தக் காரில் வந்து உங்கள் முன்னால் இறங்க வேண்டும் என்ற அற்ப ஆசை எனக்கு. குர்லா கடையிலிருந்து வந்த ஆக்ஸில் இடது பக்கத்துக்கு உரியது. இடதும் வலதும் நீளம் வேறாம். அதைத் திருப்பி அனுப்பினால் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அதற்குள் சக்கரத்தின் நட்டு துருப்பிடித்துக் கழல மாட்டேன் என்றது. பாய் ஒவ்வொரு தடவையும் அதே ஏக் கண்டாவைச் சொன்னார். நடுவில் உங்களுக்குப் போன் செய்தேன். அங்கே கேட்ட நாதஸ்வரச் சத்தத்தில் "ஆக்ஸில் போச்சு மச்சான்!" என்று கத்தினேன். "ஆசை போச்சா? சரி, அங்கேயே இருங்க" என்று வைத்துவிட்டீர்கள்.

ஆனால் நாங்கள் வந்தோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பொழுது சாயும் நேரம், மண்டபத்தில் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தவனிடம் உங்கள் தங்கை, "துல்ஹன் கிதர் பைட்டா?" என்று, மணப்பெண் எங்கே உட்கார்ந்தாள் என்பதை அவளுக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டாள். அவன் மேடையில் ஒரு நாற்காலியைக் காட்டினான். அவள் ஏறிப் போய், வாடிய பூவை அதன்மேல் வைத்து, வெறும் நாற்காலியைப் பார்த்து, "அத்தை வந்துட்டேன்மா. நல்லா இரு" என்றாள். மடக்க வந்தவன் மடக்காமல் நின்றான்.

உங்கள் வீடு அங்கிருந்து நடக்கும் தூரம். போவோமா என்று கேட்டேன். "மண்டபத்துக்குத்தான கூப்பிட்டிருக்கான். வீட்டுக்கு வான்னு பத்திரிகைல போடலையே" என்று காரில் ஏறிக்கொண்டாள். புது ஆக்ஸில் போட்ட வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. பழைய கடகடப்பு இருந்திருந்தால், வழியெல்லாம் அவள் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டிருக்காது. ஒரு வீட்டில் எது எதற்கெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்திருக்கிறேன் என்று முலுண்ட் வரும்வரை யோசித்தேன், மச்சான்.

ஆகவே தாங்கள் மனம் வைத்து, கல்யாணத்துக்காவது நேரில் வந்து அவளை ஒரு வார்த்தை கூப்பிட வேண்டும். மணமக்களை மண்டபத்திலிருந்து வீடுவரை என் காரிலேயே கொண்டுசேர்க்கவும் சித்தமாயிருக்கிறேன். குழந்தை ஷ்யாமளாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
பிரம்மநாயகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இதை உங்கள் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். "இதையா இத்தனை நாளா கதவச் சாத்திக்கிட்டு எழுதினீங்க?" என்கிறாள். ஷ்யாமளா மறுநாளே இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாளாம், நான் அப்போது கார் கழுவப் போயிருந்தேனாம். நீங்களும் போனில் அழுதீர்களாம், இவளும் அழுதாளாம், எல்லாம் சரியாகிவிட்டதாம். "அப்புறம் மச்சான் ஏன் என் போனை எடுக்கல?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு உங்க காரைக் கொண்டாரேன்னு சொல்லிருவீங்களோன்னு அண்ணன் பயப்படுதான்" என்றாள். எனவே மேலே உள்ளதை நீங்கள் வாசிக்க வேண்டியதில்லை. ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் மட்டும் அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு லோக்கல் ட்ரெய்னில் வருகிறோம். தைரியமாகப் போனை எடுக்கவும்.