மூன்று நாள் பத்தியமும் ஒரு சுவரொட்டியும்

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எனக்கு முன்னும் வேலைக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. எழுபதுகளில் அங்கே குமாஸ்தாவாக இருந்தேன். உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த அப்பா குடல் புற்றுநோயில் போனார். அதற்கு முன்பே பெரியப்பாவும் அதிலேயே போயிருந்தார். எனக்கு முப்பது வயது. மனைவி பார்வதி ஐந்து மாதக் கர்ப்பிணி.

எனக்கும் வருமா என்று பயந்துபோய்க் கேட்டதற்கு டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "பரம்பரையா வாரத மாத்த முடியாது. தட்டுல விழுறத மாத்தலாம்லா? கொழுப்பு, இனிப்பக் குறைங்க, காய்கறியக் கூட்டுங்க, உடம்பு போட விடாதிய. வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன், ஆபத்து குறையலாம்."

அவர் குறைக்கச் சொன்னார், நான் நிறுத்தியே விட்டேன். காலையில் ஒரு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறும் கீரையும், ராத்திரி மோர். இரண்டே மாதத்தில் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் கப்பல் ஏணியில் ஏறினேன். ஒருநாள் தலைசுற்றி உப்பு மூட்டைகள் மேல் விழுந்தேன். (நல்லவேளை, கடல் பக்கம் சாயவில்லை.)

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பரிசோதிக்க டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் மூன்று நாள் கறி, மீன் கூடாது. கருவாட்டு வாசனை வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனால் தலைசுற்றலுக்காகப் பார்வதி தினமும் சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, நல்லெண்ணெயில் லேசாக வதக்கி வைத்தாள்.

"ஏளா, டாக்டர் கறி கூடாதுன்னாவ."

"இது கறியா? ரத்தம் ஊற மருந்துல்லா! பேசாம தின்னுங்க."

எனக்கும் நியாயமாகவே பட்டது. எங்கள் பக்கம் சுவரொட்டியை யாரும் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முடிவு வந்தது. ரத்தம் இருந்தது.

டாக்டர் வெளியூரில். திரும்ப இரண்டு நாள் ஆகும். சாவதைவிட, பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இதைக் கொடுத்துவிட்டேனே என்பதுதான் என்னை அரித்தது. அந்தப் பிள்ளைக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன், இனிப்பைத் தொடாதே என்று. (கருப்பட்டிக் கடைக்காரர் பேரனுக்கு!) அதைப் படித்துப் பார்வதி அழுதாள். அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் சுவரொட்டி வைத்தாள்.

வந்த டாக்டர் முடிவைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். "மூணு நாளும் என்ன சாப்பிட்டிய?"

பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுவரொட்டி வந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வேய், அது முழுக்க ரத்தம்லா! இந்த ரிசல்ட்டு உமக்கு இல்ல, அந்த ஆட்டுக்கு."

சுவரொட்டி இல்லாமல் மறுபடி பார்த்ததில் ஒன்றுமில்லை. வயிற்றுக்குச் சோறும் போடச் சொல்லி அனுப்பினார்.

நாற்பது வயதில் என் மகன் அதே பரிசோதனைக்குப் போனான். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று அங்கே கேட்டார்கள்.

"தாத்தாவுக்குப் புற்றுநோய். அப்பாவுக்குச் சுவரொட்டி" என்றான், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

சிரித்தானே தவிர, முடிவு வரும்வரை பயல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒரு இட்லி தின்றான். பரம்பரையாக நான் அவனுக்குக் கொடுத்தது அந்தப் பயத்தைத்தான்.