நொட்டைக்காரர் குறை சொல்லாத செயலி

எதை நீட்டினாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பட்டம் உண்டென்றால், அதைக் கொல்லிமலை வாழவந்தி நாட்டு நொட்டைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டத்தை வாங்க ஏறும்போதே மேடை ஆடுகிறது என்பார். மாலையை முகர்ந்து, நேற்றுக் கட்டிய பூ என்பார். இத்தனைக்கும் அவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை.

பார்வையற்றோருக்குக் கைப்பேசிப் பயிற்சி கொடுக்கும் சின்ன அமைப்பு ஒன்றில் நான் வேலை பார்த்தேன். நாமக்கல்லில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்த எங்கள் மேலாளர், "மலைமேல நடக்கறவங்களுக்கு எந்த வழிகாட்டிச் செயலி தோதுப்படும்னு பார்த்து, ஒண்ணே ஒண்ணத் தேர்ந்தெடுத்துட்டு வாங்க. ரெண்டு நாள் வேலைதான்" என்றார். ரெண்டு நாளாம்! மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தும் நான் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறிக்கொண்டிருந்தேன். என் இடுப்பு அதற்கப்புறம் பழைய இடத்துக்கு வரவேயில்லை.

நொட்டைக்காரரின் மனைவி பாவாயியக்கா. அவருக்கும் பார்வை கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு காதும் போய்விட்டது. வாய் மட்டும் கணீரென்று இருந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால், அவர் ரகசியம் பேசினால் மூன்று காடு தள்ளிக் கேட்கும். கணவனும் மனைவியும் பள்ளிக்கூடத்தில் பிரெயில் புள்ளியெழுத்துப் படித்தவர்கள். அந்தப் புள்ளிகளை உள்ளங்கையில் விரலால் தட்டினால் பாவாயியக்காவுக்குப் புரிந்துவிடும்.

முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, எந்தங்கச்சி ஊடு பக்கத்து ஊர்லதான் இருக்குது. அங்க ஒருக்காவாச்சும் நான் தனியாப் போகோணும். கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறதும் இந்த மனுசன், பக்கத்துலயே உக்காந்துக்கறதும் இந்த மனுசன். அப்புறம் இவரப் பத்தி நாலு குறை நான் எப்பத்தான் சொல்றது?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன்" என்று முணுமுணுத்தார் நொட்டைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் காது போன நாளிலிருந்து வாசலைத் தாண்டி பாவாயியக்கா தனியே கால் வைத்ததே இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வேலையை அரைகுறையாக முடித்துக்கொண்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை.

முதல் செயலியைப் போட்டோம். "வலதுபுறம் திரும்பவும்" என்றது. நொட்டைக்காரர் தடியை வலதுபக்கம் நீட்டினார். அது அந்தரத்தில் துழாவியது.

"ஏனுங்க டீச்சரம்மா, இந்தப் புள்ள என்னையப் பள்ளத்துல தள்ளப் பாக்குதுங்களே. அதுக்கு எம்மேல என்னங்க கோவம்?"

இரண்டாவது செயலி, சிக்னல் இருந்தால்தான் வாய் திறக்கும். சிக்னல் பாறைமேல் ஏறினால்தான் கிடைக்கும். "பாறையேற வழி தெரிஞ்சா எனக்கு இது எதுக்குங்க?" என்றார். மூன்றாவது மூச்சு விடாமல் பேசியது. "நடக்கறப்ப காதுதானுங்க எனக்கு எல்லாம். லாரி வருதா, மாடு வருதான்னு கேக்கோணும். இவ வாய மூடவே மாட்டேங்கறாளே!" ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது நியாயமாக இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான்காவது செயலி பேசாது, அதிரும். சரியான திசையில் கைப்பேசியை நீட்டினால் கையில் அதிர்வு. வேண்டிய இடங்களில் நாமே குறி வைத்துக்கொள்ளலாம். குறி நெருங்கினால் இரண்டு முறை அதிரும். சிக்னலும் வேண்டாம். பாவாயியக்கா அதைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நின்று, "அட! கைக்குள்ள வண்டு உக்காந்த மாதிரி இருக்குது!" என்று கத்தினார். அப்பாடா என்று நான் பையை எடுத்தேன்.

"இதுக்குச் செருப்பக் கழட்டச் சொல்லத் தெரியுமுங்களா?" என்றார் நொட்டைக்காரர்.

தங்கை வீட்டுக்குப் போகிற பாதையில் ஊர்ச்சாமியின் கோயில் இருக்கிறது. அதன் எல்லை வந்ததும் செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, தாண்டிய பிறகுதான் போட வேண்டும். அந்த இடம் வந்தால் அவர் மனைவியின் கையை அழுத்துவது வழக்கம். "ஆப்பு எழுதுனவனுக்கு எங்க சாமியத் தெரியாதுங்களே" என்றார். அங்கேயும் ஒரு குறி வைத்தால் போயிற்று என்றேன். தானே வைப்பேன் என்று அடம்பிடித்தார். கோயில் எல்லையிலிருந்த அடர்ந்த பலாமரத்தடியில் நின்றுகொண்டே குறி வைத்துவிட்டார்.

மறுநாள் ஒத்திகை. டீக்கடை வாசலில் கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. பாவாயியக்கா செருப்பைக் கழற்றி, கடையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "நீதாஞ் சாமி காப்பாத்தோணும்!" என்று உரக்க வேண்டிக்கொண்டார். டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் டீ ஆற்றினார்.

மரம் மூடிய இடத்தில் கைப்பேசிக்கு இடம் சரியாகப் பிடிபடாது, அதனால்தான் குறி தள்ளிப்போய் டீக்கடையில் விழுந்திருந்தது; வெட்டவெளியில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று குறி வைக்க வேண்டும். அப்படியே எல்லாவற்றையும் மறுபடி வைத்தோம். திரும்பத் திரும்ப நடந்தோம். என் முட்டி கெஞ்சியது. எல்லாம் சரியான பிறகும் நொட்டைக்காரர் ஓயவில்லை. பேட்டரி தீர்ந்தால்? மழை வந்தால்? போன் கனமாக இருக்கிறதே? மனைவியின் கையை விட அவருக்கு மனசில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாவாயியக்காவுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். "நாளைக்குக் காத்தால நான் போறேன். ஒருத்தரும் என் கையத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

போனார். ஒரு கையில் தடி, ஒரு கையில் கைப்பேசி. கோயில் எல்லையில் சரியாக நின்று, செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். பின்னாலேயே தடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நொட்டைக்காரர், பூனை மாதிரி. அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க நான். தங்கை வீட்டு வாசலில் அந்தத் தங்கை ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. நொட்டைக்காரர் சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

வீட்டுக்குள்ளிருந்து கணீரென்று ஆரம்பித்தது. "சோத்துல உப்பு இல்லம்பாரு. போட்டா, ஏன் போட்டேம்பாரு! மனுசனா அவரு?" ஒவ்வொன்றுக்கும் இவர் வெளியே தலையாட்டிக்கொண்டிருந்தார். நெடுநேரம் அந்த வசவு நடந்தது. பிறகு அதே குரல் சொன்னது:

"செரி, வெளிய எங்கயாச்சும் மரத்தடியில உக்காந்திருப்பாரு. வழியெல்லாம் பின்னாலிருந்து பீடி வாசம் அடிச்சுது. வெறும் வயித்தோட வந்திருப்பாரு, பாவம். போயி ஒரு வாய் கஞ்சி குடுத்துட்டு வா சாமி."

நொட்டைக்காரர் பீடியைக் கீழே போட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, இந்த ஆப்பே இருக்கட்டுமுங்க" என்றார்.

நான் கீழே இறங்கி வேறு வேலைக்கு வந்தாயிற்று. யாராவது அவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அவரைத் திட்டுகிற உரிமை பாவாயியக்காவுக்கு உண்டு. அவ்வளவு தூரம் பின்னால் நடந்ததற்கு எனக்கும் கொஞ்சம் உண்டு. வேறு யாருக்கும் கிடையாது.